இருட்டறையில் ஒரு கீரைப் பாத்தி

"சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். சுவர் இருந்தால்தான் கீரை வளர்க்கலாம் என்று நான் சொன்னால் சிரிக்காதீர்கள். கீரைக்கு வேண்டியது மண், தண்ணீர், வெயில். அங்கே சுவருக்கு என்ன வேலை என்றுதானே கேட்கிறீர்கள்? வெயில் அடிக்கும் கொல்லையில் சுவருக்கு வேலை இல்லைதான். ஆனால் சூரியன் எட்டியே பார்க்காத ஓர் அறைக்குள் விளக்கைப் போட்டுச் செடி வளர்க்கப் புறப்பட்டால், விளக்குக்கு அடுத்த முக்கியமான சாமான் சுவர்தான். அதில் எதைப் பூசுவது, எதை ஒட்டுவது என்ற ஆராய்ச்சியிலே எங்கள் வீட்டில் முழுசாக ஒரு மாதம் ஓடிற்று. அதன் பலனை உங்களிடம் ஒப்படைத்து விடுகிறேன். பட்டணத்தில் காற்றும் வெளிச்சமும் அளந்து கொடுக்கப்படும் வீடுகளில் குடியிருக்கும் சகோதரிகளுக்காவது உபயோகப்படட்டும்.

எங்கள் ஊர் விருத்தாசலம். பழமலைநாதர் கோயிலைச் சொன்னால் சிலருக்குத் தெரியும். ரயில் ஜங்ஷனைச் சொன்னால் சிலருக்குத் தெரியும். சுற்றிலும் செம்மண் மேட்டில் முந்திரியும் மல்லாட்டையும் விளையும். (வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.) இவை எல்லாவற்றையும்விட, பீங்கான் என்றால் கடைக்காரர்களுக்கு எங்கள் ஊர் ஞாபகம் வரும். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களிமண் படிந்து கிடக்கிறது. இங்கே பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. அந்தத் தொழிலைச் சொல்லிக் கொடுக்கும் அரசாங்கக் கல்வி நிலையமும் இருக்கிறது. அகல் விளக்கு, பொம்மை, மின்சார பியூஸ் கட்டை என்று எத்தனையோ சாமான்கள் இந்த ஊர்ச் சூளைகளிலிருந்து புறப்பட்டுப் போகின்றன. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

எங்கள் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, வயது 78. நாற்பது வருஷம் கொல்லையில் கீரைப் பாத்தி போட்ட கை. போன வருஷம் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து போயிற்று. ஆபரேஷன் ஆகி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுகிறார். ஆனால் கொல்லைக்கு இறங்கும் மூன்று படிகளில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூன்றே படிகள்! அத்தைக்கு அது மூன்று காதமாகிவிட்டது. முதலில் பேச்சைக் குறைத்தார். பிறகு சாப்பாட்டைக் குறைத்தார். "உக்காந்து திங்கிறவளுக்கு ஒரு வேளை போதும்மா" என்பார். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

அத்தையின் கட்டிலுக்கு அடுத்தாற்போல், முன்பு நெல் மூட்டை அடுக்கிய உள்ளறை ஒன்று காலியாகக் கிடந்தது. பத்தடிக்கு எட்டடி. ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் முகத்தில் இடிக்கும். அங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை எட்டும் உயரத்தில் ஒரு தட்டு அமைத்து, தட்டத்தில் தென்னை நார்த் தூளும் எருவும் கலந்து நிரப்பி, மேலே விளக்குக் கட்டிக் கீரை விதைத்துக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. அத்தையிடம் சொன்னேன். அதிசயமாக, முகம் மலர்ந்தது. ஆனால் கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது.

"ரெண்டு டியூப் லைட்டுக்கு மேல எரியக் கூடாது. கீரைக்கு வெளக்கு வச்சிக் கரண்டு பில்லு கட்டுன குடும்பம்னு நமக்குப் பேரு வாண்டாம்."

இருபது வாட் எல்.இ.டி. குழல் விளக்கு இரண்டு, தினம் 12 மணி நேரம் எரிந்தால் கிட்டத்தட்ட அரை யூனிட். இரண்டு மாதக் கணக்குக்கு 30 யூனிட்டுக்குள். அதற்குமேல் ஒரு விளக்கு கட்டினால் அத்தை அறைக்குள்ளேயே வரமாட்டார். ஆகவே, மிச்சத்தைச் சுவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்!

நம் கண் பெரிய ஏமாற்றுக்காரக் கண். வெளிச்சம் குறைந்தால் பாப்பாவை அகலத் திறந்துகொண்டு, "எல்லாம் நன்றாகத் தெரிகிறதே!" என்று சொல்லும். உச்சி வெயிலில் வெளிச்சத்தின் அளவு 1 லட்சம் லக்ஸ் வரை போகும். இரவில் விளக்குப் போட்டுப் புத்தகம் படிக்கிற அறையில் 300 லக்ஸ் இருந்தால் அதிகம். நமக்கு அது தாராளம்; செடிக்கு அது பட்டினி. அதனால்தான் விளக்கைச் செடிக்கு ஓரடி உயரத்தில் தொங்க விடச் சொல்கிறார்கள். அப்படித் தொங்கவிட்டாலும், விளக்கின் வெளிச்சம் எல்லாம் செடிமேல் விழுந்துவிடுமா? பெரும் பகுதி பக்கவாட்டில் ஓடிப் போகிறது. ஓடுகிற வெளிச்சத்தைக் கையைப் பிடித்துத் திருப்பி அனுப்புவதுதான் சுவரின் உத்தியோகம்.

இதிலே ஒரு வேடிக்கையான கணக்கு உண்டு. நாலாபுறமும் மூடிய ஒரு பெட்டிக்குள் விளக்கு எரிவதாக வைத்துக்கொள்ளுங்கள். சுவர் தன்மேல் விழுந்த 100 பங்கில் 50 பங்கைத் திருப்பி அனுப்பினால், அந்த 50 எதிர்ச் சுவரில் பட்டு 25 ஆகத் திரும்பும். அது மறுபடி பன்னிரண்டரை. எல்லாவற்றையும் கூட்டினால் 200. சுவர் 80 பங்கைத் திருப்பினால் கூட்டுத்தொகை 500. 90 பங்கைத் திருப்பினால் 1,000! எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் வித்தியாசம் பத்து என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம்; சுவர் விஷயத்தில் அது இரட்டிப்பு. நிஜமான அறையில் இத்தனை லாபம் வராது. நடுவிலே இலை விழுங்கிவிடும் (அது விழுங்கத்தானே இத்தனை பாடு!), கதவுப் பக்கமாகக் கொஞ்சம் ஓடிவிடும். ஆனாலும் சுவர் கொஞ்சம் அழுக்கானால் நஷ்டம் கொஞ்சமல்ல என்பதை இந்தக் கணக்கு காட்டிக் கொடுக்கிறது.

எங்கள் உள்ளறைக்கு எந்தக் காலத்திலோ பச்சை டிஸ்டெம்பர் அடித்திருந்தார்கள். "செடிக்குப் பச்சைதானே பொருத்தம்?" என்றார் என் கணவர். பார்வைக்குப் பொருத்தம்தான். ஆனால் இலைக்கு முக்கியமான சாப்பாடு சிவப்பு வெளிச்சமும் நீல வெளிச்சமும். பச்சைச் சுவர் அந்த இரண்டையும் விழுங்கிவிட்டு, இலை அவ்வளவாக விரும்பாத பச்சையைத் திருப்பிக் கொடுக்கிறது. விருந்தாளிக்குச் சோற்றை மறைத்துவிட்டுக் கறிவேப்பிலையைப் பரிமாறின மாதிரி! ஆகவே பச்சைக்கு விடை கொடுத்துவிட்டு, சுவருக்கு ஒரு சுயம்வரம் நடத்தினோம்.

முதலில் வந்தவர் நிலைக்கண்ணாடி. பார்க்க ராஜகுமாரன் போல இருந்தார். ஆனால் அவருடைய ரசம் கண்ணாடியின் முதுகுப்புறம் இருக்கிறது. வெளிச்சம் கண்ணாடிக்குள் ஒரு முறை புகுந்து, மறுபடி ஒரு முறை வெளியே வர வேண்டும். போக்குவரத்திலேயே கொஞ்சம் செலவாகிவிடுகிறது. விலையும் அதிகம், கனமும் அதிகம். ஈரம் பட்டுப் பட்டு ஓரத்தில் ரசம் கறுக்கும். அவரை வாசலோடு அனுப்பிவிட்டோம்.

அடுத்தவர் சமையலறை அலுமினியத் தாள். 100-க்கு 85 பங்குக்கு மேல் திருப்பக் கூடியவர், விலை மலிவு. ஆனால் ஒட்டும்போதே கசங்கிவிடுகிறார். கசங்கின தாள் வெளிச்சத்தை ஓரிடத்தில் குவித்து ஓரிடத்தில் விட்டுவிடும். இன்னொரு ஆபத்து: அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். தண்ணீர் தெளிக்கிற அறையில், விளக்கு ஒயருக்குப் பக்கத்தில் அதை ஒட்டி வைப்பது விளையாட்டுக் காரியமல்ல.

மூன்றாமவரைச் சிபாரிசு செய்தவன் சென்னையில் வேலை பார்க்கும் என் மகன். "அம்மா, மைலார்னு ஒரு ஷீட் இருக்கு. வெளிநாட்டிலே உள்ளறையில செடி வளர்க்கிறவங்க எல்லாம் அதைத்தான் ஒட்டுறாங்க" என்று போனில் சொல்லி, ஒரு சுருளையும் அனுப்பி வைத்தான். பாலியெஸ்டர் தாளின்மேல் அலுமினியத்தை ஆவியாக்கிப் படிய வைத்தது அது. நல்ல தாளாக இருந்தால் 90 பங்கு வரை திருப்பும். சுயம்வர மாலை இவருக்குத்தான் என்று நினைத்து, ஒரு சுவரில் மட்டும் ஒட்டி, விளக்கைப் போட்டு, அத்தையை அழைத்து வந்தேன்.

அத்தை வாசற்படியிலேயே நின்று கண்மேல் கையை வைத்துக்கொண்டார். "அம்மாடி! கல்யாண மண்டபமா இது? கண்ணு கூசுதே!"

இரண்டு கண்ணிலும் புரை நீக்கி லென்ஸ் வைத்தவர் அத்தை. பளிச்சென்று ஒரு திசையிலிருந்து வந்து குத்தும் வெளிச்சம் அவருக்கு ஆகாது. அந்த அறையில் குடியிருக்கப் போவது கீரை மட்டுமல்லவே! தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து களை பிடுங்கி, தண்ணீர் தெளித்து, தனக்குத் தானே பேசிக்கொள்ளப் போகிற ஒரு மனுஷி இருக்கிறாரே! அந்த நிமிஷத்தில் எங்கள் கேள்வியே மாறிப் போயிற்று. எது அதிகமாகத் திருப்புகிறது என்பதை விட்டுவிட்டு, எப்படித் திருப்புகிறது என்று பார்க்க ஆரம்பித்தோம்.

கண்ணாடியும் வெள்ளித் தாளும் வெளிச்சத்தைப் பந்து மாதிரி திருப்பி அடிக்கும். வந்த கோணத்துக்கு ஏற்ற ஒரே திசையில் போகும். வெள்ளைச் சுவர் அப்படியல்ல. விழுந்த வெளிச்சத்தை உதிர்த்து, எல்லாப் பக்கமும் பூப்போல் இறைத்துவிடும். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே வெண்மை. 1760-ஆம் வருஷத்திலேயே லாம்பர்ட் என்ற கணித அறிஞர் இதற்குச் சூத்திரம் எழுதி வைத்துவிட்டார். விளக்குகளை அளந்து பார்க்கும் ஆராய்ச்சிக்கூடங்களில் பெரிய உருண்டை ஒன்று வைத்திருப்பார்கள். அதன் உட்புறத்தில் கண்ணாடி பதித்திருப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். கிடையாது, பேரியம் சல்பேட் போன்ற மங்கலான வெள்ளைப் பூச்சுதான். வெளிச்சத்தை ஒரே சீராகப் பங்கு போட வேண்டுமென்றால் பளபளப்பு உதவாது, வெண்மைதான் வேண்டும்.

செடிக்கும் அதுதான் பிடிக்கிறது. ஒரே பக்கமிருந்து வெளிச்சம் வந்தால் நாற்று அந்தப் பக்கமே சாய்ந்து ஒடிந்து விழும். டார்வின் தம் மகனோடு சேர்ந்து இந்தச் சாய்வை ஆராய்ந்து 1880-இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். எல்லாப் பக்கமும் வெளிச்சம் வந்தால் நாற்று நிமிர்ந்து நிற்கும். மேல் இலையின் நிழலில் ஒளிந்திருக்கும் அடி இலைக்கும் ஒரு வாய் கிடைக்கும். நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆராய்ச்சியாளர்கள் கண்ணாடிக் கூடங்களில் வெள்ளரியும் தக்காளியும் வளர்த்துப் பார்த்து, சிதறி வரும் வெளிச்சத்தில் விளைச்சல் கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். அதற்கெல்லாம் முன்னாலேயே, பதினேழாம் நூற்றாண்டிலிருந்து, பாரிஸுக்குப் பக்கத்து மோந்த்ரேய் ஊர்க்காரர்கள் தோட்டத்துக்குள் நெடுஞ்சுவர்கள் எழுப்பி, ஜிப்சம் சாந்து பூசி, அந்த வெள்ளைச் சுவரின் வெளிச்சத்திலும் கதகதப்பிலும் பீச் பழம் விளைவித்தார்கள். நம் கீரைப் பாத்திக்கு எத்தனை பெரிய மனிதர்கள் சாட்சி பாருங்கள்!

சரி, வெள்ளை என்று தீர்மானமாயிற்று. எந்த வெள்ளை?

சுண்ணாம்பு நம் பழைய சிநேகிதர். புதிதாக அடித்த சுண்ணாம்பு, நல்ல பெயிண்டுக்கு அவ்வளவாகச் சளைத்ததல்ல. காரம் இருக்கிறவரை பூஞ்சையையும் அண்ட விடாது. ஆனால் ஒரு குணம் உண்டு: நனைந்தால் மங்கிவிடும். வெள்ளையடித்த சுவரில் மழைச்சாரல் பட்டதும் சாம்பல் நிறமாவதைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்புத் துகள்களுக்கு நடுவே காற்று இருப்பதால்தான் அது வெள்ளை. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்துகொண்டால் வெளிச்சம் சிதறாமல் உள்ளே போய்விடுகிறது. தினமும் தண்ணீர் தெளிக்கிற அறைக்கு இது சரிப்படாது. காய்ந்த இடத்தில் சுண்ணாம்பே அடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வழக்கம்போல் நீலம் கலக்காதீர்கள். நீலம் கலந்தால் வெண்மை கூடினாற்போல் கண்ணுக்குத் தோன்றும். ஆனால் அது மஞ்சளையும் சிவப்பையும் கொஞ்சம் விழுங்கித்தான் அந்த வேஷத்தைப் போடுகிறது. விழுங்கப்படுவது செடியின் சோறு!

தெர்மாகோலும் நல்ல வெள்ளைதான். நன்றாகவே வெளிச்சத்தைச் சிதறடிக்கும். ஆனால் சீக்கிரம் தீப்பிடிக்கும் சாமானை விளக்குக்கு அருகில் வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இந்தக் கட்டத்தில் எங்கள் தெருவில் பீங்கான் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, பீங்கான் ஊர்ல இருந்துகிட்டு வெள்ளைக்கு அலையறீங்களே! கீழ மூணடிக்கு வெள்ளை டைல்ஸ் பதிச்சிடுங்க" என்றார்.

"அது பளபளப்பாயிற்றே, அத்தைக்குக் கூசுமே?" என்று கேட்டேன்.

அவர் சொன்ன விளக்கம் எனக்குப் புதிது. பீங்கானின் மேலே இருக்கும் கிளேஸ் ஒரு வகைக் கண்ணாடிப் பூச்சு. மேற்பரப்பில் கண்ணாடி மாதிரி பளிச்சென்று திரும்புவது, நேராக விழும் வெளிச்சத்தில் 100-க்கு 4 பங்குதான். மற்றதெல்லாம் உள்ளே புகுந்து, வெண்மையில் பட்டுச் சிதறித்தான் வெளியே வருகிறது. மேலே மினுக்கு, உள்ளே சாது! அந்த வெண்மைக்குக் கிளேஸில் ஜிர்கான் என்ற தாதுவின் பொடியைக் கலக்கிறார்கள். ஜிர்கான் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே இருக்கிறது. அதே மணலில் இல்மனைட் என்ற கறுப்புத் தாதுவும் இருக்கிறது. இல்மனைட்டிலிருந்துதான் பெயிண்டை வெள்ளையாக்கும் டைட்டானியம் டை ஆக்சைடை எடுக்கிறார்கள். கறுப்பு மணலுக்குள் இத்தனை வெள்ளை ஒளிந்திருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

டைல்ஸின் பெரிய பெருமை வேறு. ஈரம் ஏறாது, பாசி படிந்தாலும் துணியால் ஒரு துடை துடைத்தால் பழைய வெண்மை வந்துவிடும். முன்னே சொன்ன கணக்கை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். இன்றைக்கு 90 பங்கு திருப்பிவிட்டு, ஆறு மாதத்தில் தூசியும் கீறலுமாக 70-க்கு இறங்கும் தாளைவிட, என்றைக்கும் 80-இல் நிற்கிற சுவர் மேல் அல்லவா?

ஆகவே மாலை இருவருக்கு விழுந்தது. தண்ணீர் தெறிக்கும் உயரம் வரை, தட்டுக்குப் பின்னும் இரு பக்கமும், வெள்ளை டைல்ஸ். அதற்கு மேலும் கூரையிலும் பளபளப்பில்லாத வெள்ளை எமல்ஷன். அத்தை உட்காரும் நாலாவது பக்கத்துக்கு ஒரு பழைய வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினோம். அத்தை எழுந்து போனதும் இழுத்து மூடிவிட்டால் ஓடுகிற வெளிச்சம் உள்ளேயே தங்கும். தட்டைச் சுவரோடு ஒட்டிப் போட்டோம். சுவர் எத்தனை வெள்ளையாக இருந்தாலும் தள்ளி நின்றால் பிரயோஜனமில்லை. கையெட்டும் தூரத்தில் இருக்கிற வெள்ளை அட்டை, ஆறடிக்கு அப்பால் இருக்கிற வெள்ளிச் சுவரைவிட நல்லது. மகன் அனுப்பிய மைலாரையும் வீணாக்கவில்லை. நாற்றுக்கென்று ஒரு மரப்பெட்டி செய்து அதன் உள்ளே ஒட்டினோம். ஆள் நுழையாத பெட்டிக்குள் அவர் எத்தனை மினுக்கினாலும் யார் கண்ணையும் குத்தப் போவதில்லை.

என்ன விளைந்தது என்று கேட்பீர்கள். முளைக்கீரை, அரைக்கீரை எல்லாம் நல்ல வெயில் கேட்கிற ஜாதி. இரண்டு டியூப் லைட்டுக்கு அவை மசியா என்று அத்தையே தள்ளிவிட்டார். வெந்தயம் விதைத்தார், கொத்தமல்லி விதைத்தார், புதினாத் தண்டு நட்டார். 25-ஆம் நாள் வெந்தயக் கீரை அரைச் சாண் உயரத்துக்கு, சாயாமல், நிமிர்ந்து நின்றது. ஒரு குடும்பத்துக்குப் போதாது; ஒரு வேளைச் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளப் போதும். கடையில் பத்து ரூபாய்க்கு இதைவிடப் பெரிய கட்டு கிடைக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் அன்றைக்கு அத்தை தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு, தன் கையால் கிள்ளி, "உப்பைக் கொஞ்சமாப் போடு, போன தடவை கரிச்சுது" என்று எனக்கு உத்தரவு போட்டார். ஒரு வருஷத்துக்குப் பிறகு கேட்ட உத்தரவு! இரண்டாவது தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இதற்குக் கடையில் என்ன விலை சொல்வார்கள்?

ஆகையால் சகோதரிகளே, உங்கள் வீட்டு இருட்டறையில் செடி வைக்க எண்ணினால் கடைக்காரர் காட்டும் சுருளைப் பார்த்து மயங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தச் சுவர் நனையுமா? இதை வாரம் ஒரு முறை துடைக்க முடியுமா? இதன் எதிரே உட்காரப் போகிறவர் யார்? மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் சுவர் தானாகவே அமைந்துவிடும். இன்னொன்றையும் மறக்காதீர்கள். வாரா வாரம் அந்த டைல்ஸைத் துடைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலையை அத்தை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை.